நாணயச் சங்கத்தில் மாதாமாதம் என்னதான் செய்கிறீர்கள்?

நாணயமும் பதக்கமும் சேர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, மாதம் ஒரு முறை கூடுகிறோம் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி, "அங்கே என்ன, வாங்கி விப்பீங்களா?" என்பதுதான். வாங்குவதும் விற்பதும் உண்டு, மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு மட்டும் என்றால் இந்தக் காலத்தில் சங்கமே வேண்டாம், கைபேசியிலேயே ஏலம் கேட்டு வாசலுக்கு வரவழைத்துவிடலாம். நான் விடாமல் போவது வேறொன்றுக்காக. அடுத்தவருடைய காசு என் கைக்கு வருகிறது, என்னுடையது அவர் கைக்குப் போகிறது, ஒரே காசைப் பார்த்து ஆளுக்கொன்று சொல்கிறோம், அந்தப் பேச்சில் கண் பழகுகிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆல்பத்தைப் புரட்டினாலும் இது வாய்க்காது. சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கூட்டம் தொடங்கியதும் வரவு செலவு, போன மாதக் குறிப்பு, யார் சந்தா பாக்கி, இதெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம்தான் தட்டு வரும். தட்டு என்றால் அடியில் மெத்தென்ற துணி ஒட்டிய, தாழ்ந்த விளிம்புள்ள மரத்தட்டு. அன்றைக்கு யாராவது ஒருவர் தன் சேகரிப்பிலிருந்து சிலவற்றை அதில் வைத்துச் சுற்றுக்கு விடுவார். எடுத்துப் பார்க்கலாம், ஆனால் விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும், தட்டுக்கு மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும், காசுக்கு மேலே குனிந்துகொண்டு பேசக் கூடாது. எச்சில் துளி பட்ட இடம் சில மாதம் கழித்து கரும்புள்ளியாக நிற்கும், அதை எடுக்க முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கெடுபிடியாகத் தெரியலாம். ஒரு தடவை தன் காசு அந்தத் தட்டில் போய்விட்டு பத்திரமாகத் திரும்பி வந்தால் புரிந்துவிடும்.

தட்டில் வந்ததில் என் மனசில் நிற்பது மரியா தெரசா தாலர்கள் என்கிற வெள்ளிக்காசுகள். ஒரு உறுப்பினர் மூன்றை வரிசையாக வைத்தார். மூன்றிலும் அதே முக்காடு போட்ட அரசி, பின்பக்கம் அதே இரட்டைத் தலைக் கழுகு, மூன்றிலும் 1780 என்றே வருஷம். "எது பழசு, சொல்லுங்க" என்றார். விஷயம் என்னவென்றால், ஆஸ்திரியாவை ஆண்ட அந்த அம்மையார் 1780-இல் இறந்துபோனார், ஆனால் செங்கடலின் இரு கரையிலும் எத்தியோப்பியாவிலும் வியாபாரிகள் அந்த முகம் போட்ட வெள்ளியைத்தான் நம்பினார்கள், வேறு காசைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அதனால் அவர் போன பிறகும் வருஷத்தை மாற்றாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னாவில் மட்டும் இல்லை, இருபதாம் நூற்றாண்டில் ரோம், லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பர்மிங்ஹாம், பம்பாய் என்று பல ஊர் நாணயச் சாலைகளில் அடித்திருக்கிறார்கள். எடை 28 கிராமுக்கு ஒரு துளி மேலே, ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி, இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான். அப்படியானால் எங்கே அடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அரசியின் தோளில் ஒரு புரூச், அதாவது உடையில் குத்துகிற நகை, இருக்கிறது, அதைச் சுற்றி முத்துக்கள். அந்த முத்துக்களை லூப் என்கிற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து எண்ண வேண்டும், கழுகின் வால் இறகு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், விளிம்பில் ஓடும் எழுத்துகளுக்கு நடுவே உள்ள பூ வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரிகிற வித்தியாசம் ஒவ்வொன்றாகப் படத்தில் பார்த்தால் தெரியவே தெரியாது. அன்றைக்கு அரை மணி நேரம் யாரும் வேறு எதையும் பேசவில்லை.

காசில் போட்டிருக்கிற வருஷத்தை அப்படியே நம்பக் கூடாது என்பதிலிருந்துதான் எங்கள் சங்கத்தில் 'வருஷம் படிக்கும் மாலை' என்று ஒன்று வழக்கமானது. புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைக்கிற கூட்டம் இதுதான். எல்லார் வீட்டிலும் ஒரு டப்பாவில் என்ன நாடு என்றே தெரியாத காசுகள் கிடக்கும். அதைக் கொண்டு வாருங்கள் என்போம். அரபு எண்கள் இருந்தால் முதல் பாடம், வட்டமாக இருப்பது பூஜ்யம் இல்லை, அது ஐந்து. வெறும் புள்ளிதான் பூஜ்யம். இது தெரியாமல் நூற்றாண்டையே மாற்றிப் படிக்கிறவர்கள் நிறைய. இஸ்லாமிய ஹிஜ்ரி வருஷம் என்றால் அதை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்ட வேண்டும். 1302 என்று இருந்தால் 1263, அதோடு 622, ஆக 1885-ஐ ஒட்டி வரும், சரியாகச் சொன்னால் 1884 அக்டோபர் தொடங்கி ஒரு வருஷம்.

துருக்கிய ஒட்டோமான் காசுகளில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. இரண்டாம் அப்துல் ஹமீது காலத்துக் காசு என்றால் எல்லாவற்றிலும் 1293 என்றுதான் இருக்கும், அது அவர் பட்டத்துக்கு வந்த வருஷம். கூடவே சின்னதாக வேறொரு எண் இருக்கும், அது ஆட்சியின் எத்தனையாவது வருஷம் என்பது. 25 என்று இருந்தால் 1293-உடன் 24-ஐக் கூட்டி 1317, அதைக் கணக்குப் போட்டால் 1899-1900. கைக்குள் அடங்குகிற ஒரு வெள்ளிக்காசை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி மாணவி இந்தக் கணக்கைத் தானே போட்டு வருஷத்தைச் சொன்னபோது அந்த மேஜையே கை தட்டியது. ஜப்பான் காசு இதைவிடச் சுலபம், ஷோவா சகாப்தம் என்றால் 1925-ஐக் கூட்டினால் போதும், ஷோவா 45 என்பது 1970. ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜப்பானியக் காசுகளில் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும், அதை மறந்தால் எண் தலைகீழாகிவிடும்.

தரம் பார்க்கும் மாலை கொஞ்சம் சூடாகவே இருக்கும். ஒரே காசை எல்லாருக்கும் காட்டி, யாரும் யாரிடமும் கேட்காமல் ஒரு துண்டுச் சீட்டில் தரத்தை எழுதித் தர வேண்டும். 1 முதல் 70 வரை போகிற அளவுகோலைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம், இது அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்தது, பிறகு எல்லாக் காசுக்கும் பரவிவிட்டது. சீட்டுகளைப் பிரித்தால் ஒரே காசுக்கு 45-உம் இருக்கும், 58-உம் இருக்கும். சண்டை அங்கேதான் ஆரம்பம். பெரும்பாலும் பிரச்சினை எதில் என்றால், தலைமுடியோ கன்னமோ மழுங்கியிருப்பது கைமாறித் தேய்ந்ததாலா, இல்லை அச்சு அடிக்கும்போதே உலோகம் அந்தப் பள்ளம் வரை போய்ச் சேராததாலா என்பது. தேய்ந்த இடத்தில் மினுமினுப்பு உடைந்து மங்கலாக இருக்கும். அச்சு சரியாக விழாத இடம் மொழுக்கென்று இருந்தாலும் அதன் மேல் முதல் நாள் மினுமினுப்பு அப்படியே இருக்கும். விளக்கைக் காசின் பக்கவாட்டில் வைத்து, காசைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால் வெளிச்சம் அதன் மேல் சக்கரம் மாதிரி சுற்றி ஓடும், ஓடுகிறபோது எங்கே தடைபடுகிறது என்று பார்க்க வேண்டும். இதை எழுத்தில் எத்தனை முறை படித்தாலும் பலன் குறைவு. பழகிய ஒருவர் உங்கள் கையைப் பிடித்து "இதோ, இப்போ பாருங்க" என்று சாய்த்துக் காட்ட வேண்டும்.

போலிகளுக்கென்று ஒரு பெட்டியே சங்கத்தில் வைத்திருக்கிறோம். ஏமாந்து வாங்கியவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை, தெரிந்தே பாடத்துக்காக வாங்கியவை இரண்டும் அதில் உண்டு. ஒவ்வொன்றிலும் அழியாத மையில் குறி போட்டிருக்கிறோம், திரும்ப வெளியே போய்விடக் கூடாது என்று. இந்தப் பெட்டிதான் சங்கத்தின் பெரிய சொத்து என்பது என் அபிப்பிராயம். நல்ல காசை யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள், போலியைக் கையில் வைத்து உருட்டிப் பார்க்க வேறு எங்கே கிடைக்கும்? வார்ப்புப் போலியென்றால் எழுத்துகளின் ஓரம் சோப்பு கரைந்தது போல உருண்டிருக்கும், வெற்றுப் பரப்பில் ஊசிக் குத்துப் போலச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், விளிம்பில் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு அரத்தால் ராவப்பட்டிருக்கும். எடை அடுத்தது. ஆதென்ஸின் ஆந்தை போட்ட நான்கு திரக்மா வெள்ளி என்றால் சுமார் 17.2 கிராம், பதினைந்து கிராம் காட்டினால் அதற்கு மேல் பேசவே வேண்டாம்.

ஒப்படர்த்தி பார்ப்பதும் சுலபம்தான். காசை முதலில் சாதாரணமாக எடை போட வேண்டும், பிறகு மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட வேண்டும், தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அந்த அளவால் முதல் எடையை வகுத்தால் வருவது ஒப்படர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96, தங்கத்துக்கு 19.3. ஈயம் 11.3-தான், ஆகவே தங்க முலாம் பூசிய ஈயம் இதில் உடனே மாட்டிக்கொள்ளும். டங்ஸ்டன் மட்டும் தங்கத்துக்கு மிக அருகில் வருவதால் இந்தச் சோதனையில் தப்பித்துவிடும், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். பழங்காலப் போலிகள் வேறு ரகம். பதினாறாம் நூற்றாண்டில் பதுவாவைச் சேர்ந்த ஜியோவானி கவினோ ரோமானியப் பெருங்காசுகளை மாதிரியாக வைத்து அச்சு வெட்டி அடித்தவை இன்றைக்கு அவற்றின் அழகுக்காகவே சேகரிக்கப்படுகின்றன. அவருக்குப் பிறகு வந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772-1830), தான் அடித்த புதுக்காசுகளை இரும்புத்தூள் நிறைந்த பெட்டியில் போட்டு, அதை வண்டியின் அடியில் கட்டிக் குலுங்கவிட்டு, பழசாக்குவாராம். அச்சு வெட்டுவதில் அவ்வளவு கைத்திறன் இருந்தவர் அதை இதற்குப் போய் செலவழித்தாரே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால், செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, பாலிஷ் எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், ஆனால் காசின் மேல்தோல் போய்விடும், அது திரும்ப வராது. இதில் இரண்டு விஷயத்துக்கு மட்டும் உடனே கை வைக்க வேண்டும். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில், அதாவது பி.வி.சி. உறையில், பல வருஷம் இருந்த காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும். அதைச் சுத்த அசிட்டோனில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தேய்க்காமல் ஊறவைத்து எடுத்தால் போய்விடும். இன்னொன்று, செம்பு, வெண்கலக் காசில் வெளிர்பச்சையாக மாவு போல உதிர்கிற நோய். கெட்டியாகப் படிந்த கரும்பச்சைக் களிம்பு வேறு, அது காசுக்குக் காப்பு. மாவு போல உதிர்வது உள்ளே குளோரைடு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், ஈரம் இருக்கிற வரை தின்றுகொண்டே போகும். முதலில் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் உலர வைத்துவிட்டு, பிறகு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இனி பதக்கங்கள். சங்கத்தின் பெயரில் பதக்கம் இருந்தாலும் வருகிறவர்களில் பெரும்பாலோர் காசுக்காரர்கள்தான், பதக்கம் வந்தால் தட்டை அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்கள். எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. காசு யார் யார் கையிலோ புழங்கியது, யார் என்று ஒருபோதும் தெரியாது. போர்ப்பதக்கம் ஒரு ஆளுக்குக் கொடுக்கப்பட்டது, பல சமயம் அவர் பெயரே விளிம்பில் இருக்கிறது. 1815 வாட்டர்லூ சண்டைக்காக பிரிட்டிஷ் அரசு கொடுத்த பதக்கத்தில் சாதாரணச் சிப்பாய் வரைக்கும் ஒவ்வொருவர் பெயரையும் விளிம்பில் பொறித்துத் தந்தார்கள், அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வெள்ளிப் பதக்கத்தை எடுத்து விளிம்பைத் திருப்பினால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று வரிசையாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஆவணங்களைத் தேடினால் அந்த மனிதர் எங்கே போனார், என்ன ஆனார் என்பது வரை போகலாம். அதே பதக்கம் வெண்கலத்திலும் சுமார் 1,10,000 அடிக்கப்பட்டது, பெரும்பாலும் சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளில் மூட்டை தூக்கியவர்களுக்கும் பாதை போட்டவர்களுக்கும். ஒரே போர், ஒரே உருவம், உலோகம் மட்டும் வேறு. எங்கள் கூட்டத்தில் வெள்ளியையும் வெண்கலத்தையும் அருகருகே வைத்தபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை, பார்த்ததிலேயே எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

இன்னொரு நாள் ஒருவர் கனமான வெண்கலத் தகடு ஒன்றைக் கொண்டுவந்தார், உள்ளங்கை முழுக்க நிறையும், குறுக்களவு 120 மில்லிமீட்டர். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு, 13 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கையில் மாலை வளையம் நீட்டி நிற்கும் பிரிட்டானியா, அதாவது பிரிட்டனைப் பெண்ணாகக் காட்டும் உருவம், முன்னால் ஒரு சிங்கம், மேலே இரண்டு டால்ஃபின்கள். பொதுப்போட்டி வைத்ததில் எண்ணூறுக்கு மேல் வடிவங்கள் வந்து, எட்வர்ட் கார்ட்டர் பிரஸ்டன் என்ற சிற்பியுடையது தேர்வானது, அவருடைய பெயரின் முதலெழுத்துகள் சிங்கத்தின் முன்னங்காலுக்கு மேலே இருக்கின்றன. வலது பக்கம் ஒரு சின்னச் செவ்வகம், அதற்குள் புடைப்பெழுத்தில் இறந்தவர் பெயர். பதவி கிடையாது, படைப்பிரிவு கிடையாது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே தகடு, உயிர் கொடுத்ததில் ஏற்றத்தாழ்வு இல்லை என்பதற்காக வேண்டுமென்றே விட்டது. ஆனால் அதனாலேயே இன்றைக்கு ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்தப் பெயரை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடினோம், அதே பெயரில் பலர் இறந்திருக்கிறார்கள். இந்தத் தகட்டோடு அவருடைய வெள்ளிப் பதக்கமும் சேர்ந்து வந்திருந்தால் விளிம்பைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் முடித்திருப்போம். யாரோ எப்போதோ இரண்டையும் தனித்தனியாக விற்றிருக்கிறார்கள். எங்கள் பதிவேட்டில் அது இன்னும் 'ஆள் தெரியவில்லை' என்றே இருக்கிறது.

இதனால்தான் சொல்கிறேன், ஒருவருக்குக் கிடைத்த பதக்கங்களை ஒன்றாகவே வையுங்கள். ரிப்பன் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கடிதம், உறை, புகைப்படம், பழைய டப்பா எதையும் கழித்துக் கட்டாதீர்கள். விற்றாலும் மொத்தமாக விற்றுவிடுங்கள். விளிம்பில் பெயரை ராவி எடுத்துவிட்டு வேறு பெயர் பொறித்து விற்கிற வேலையும் நடக்கிறது, அதைப் பிடிக்க காலிப்பர் என்கிற அளவுகருவி ஒன்று போதும். பிரிட்டிஷ் போர்ப்பதக்கங்கள் பெரும்பாலும் 36 மில்லிமீட்டர், பெயரை ராவியிருந்தால் அந்த இடத்தில் அளவு துளியாவது குறையும். விளிம்பைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள்.

காசுக்காரர்களைப் பதக்கத்தின் பக்கம் இழுக்க நான் செய்கிற ஒரு சின்ன வேலை உண்டு. கையில் இருக்கிற காசை மேலும் கீழுமாக இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திருப்பச் சொல்வேன். பின்பக்கம் நேராக நின்றால் அது பதக்க முறை, தலைகீழாக இருந்தால் அது காசு முறை. பதக்கத்தைச் சட்டையில் தொங்கவிடும்போது இரண்டு பக்கமும் நேராக இருக்க வேண்டும் என்பதால் அப்படி. அமெரிக்கக் காசுகள் இன்றும் காசு முறை, யூரோவும் இந்திய ரூபாயும் பதக்க முறை, பிரிட்டன் 1887-இல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியது. இதைச் செய்து காட்டியதும் எல்லாரும் பையைத் துழாவி ஆளுக்கொரு காசைத் திருப்ப ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சாக்கில் பிசானெல்லோவைப் பற்றிச் சொல்லிவிடுவேன். 1438-ஐ ஒட்டி, பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் இத்தாலிக்கு வந்திருந்தபோது, கூரான பெரிய தொப்பியோடு அவர் முகத்தை வார்ப்பில் எடுத்தாரே, ஓவியர் பிசானெல்லோ, கலைப் பதக்கம் என்ற வகையே அங்கிருந்துதான் ஐரோப்பாவில் தொடங்கியது. அதற்குச் செலாவணி மதிப்பு ஏதும் கிடையாது, ஒருவர் முகத்தைக் கையில் வைத்துப் பார்ப்பதற்காகவே செய்தது.

பேச்சுகளும் உண்டு. உறுப்பினர்களே மாறி மாறிப் பேசுவோம், படம் போட்டு, முக்கால் மணி நேரம். அண்மையில் நன்றாக இருந்தது புதுக்கோட்டைப் புதையல் பற்றியது. 1898-இல் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகள், அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். ஏன் வெட்டினார்கள் என்று கேட்டதும் ஆளாளுக்கு ஒரு விளக்கம். செலாவணியிலிருந்து எடுத்துவிட்டோம், இனி வெறும் தங்கம் என்று காட்டவா? அந்நிய அரசன் முகம் வேண்டாம் என்றா? உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதிக்கவா? சோதிக்கத்தான் என்றால் ஏன் ஓரத்தில் வெட்டாமல் எல்லாவற்றிலும் முகத்தின் மேலேயே வெட்ட வேண்டும் என்று ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி, எனக்கும் அதில் உடன்பாடு. புதையல்கள் பற்றிப் பேசுகிறபோதெல்லாம் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, எங்கேயாவது காசுகள் மொத்தமாகக் கிடைத்தால் கழுவாமல், பிரிக்காமல், பானை ஓடு உட்பட அப்படியே அந்த நாட்டுச் சட்டப்படி உரிய அதிகாரிகளிடம் சொல்லுங்கள். அந்த 501-உம் பத்துப் பேர் கையில் தனித்தனியாகப் போயிருந்தால், வெட்டு ஏதோ ஒன்றிரண்டில் விழுந்த சேதம் என்றுதான் நினைத்திருப்போம்.

சிறுவர்களுக்கான பகுதி கூட்டத்தின் கடைசியில். ஒரு கைப்பிடி பல நாட்டுக் காசும் ஒரு உலகப் படமும் ஒரு காந்தமும் கொடுத்துவிடுவோம். யூரோவில் 1, 2, 5 சென்ட் காந்தத்தில் ஒட்டும், செம்பு முலாம் பூசிய எஃகு. 10, 20, 50 ஒட்டாது. 1 யூரோவை வைத்தால் நடுப்பகுதி மட்டும் இழுபடும், உள்ளே நிக்கல் இருக்கிறது. 1943-ஆம் ஆண்டு அமெரிக்க சென்ட் காந்தத்தில் ஒட்டும்போது ஏன் என்று கேட்பார்கள், போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஒரு வருஷம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள் என்று சொன்னால் போதும், வரலாற்றுப் பாடம் தானாக நடந்துவிடும். மெல்லிய தாளைக் காசின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பதும் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், அந்தப் படிகளைப் பெரியவர்கள் பதிவேட்டில் ஒட்டிக்கொள்கிறோம், பல சமயம் புகைப்படத்தைவிடத் தெளிவு.

பதிவேடு என்று சொன்னேன் இல்லையா, அது வெறும் நோட்டுப் புத்தகம்தான். யார் கொண்டுவந்தது, என்ன எடை, என்ன அளவு, எப்போது யாரிடம் வாங்கியது, அதற்கு முன்னால் யாரிடம் இருந்தது. சேகரித்தவர் போய்விட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு எது என்ன என்று தெரியாது, எல்லாம் ஒரே பையில் கொட்டப்பட்டுவிடும். அதனால் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் உறைக்குள் ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும் என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். ஏலம், பரிமாற்றம், நூலகம் இதெல்லாம் எல்லாச் சங்கத்திலும் உள்ளதுதான், தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது சங்கத்தின் ஆண்டு நிறைவுக்காகச் சொந்தமாக ஒரு பதக்கம் செய்துகொண்டிருக்கிறோம், அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் வரைபடத்தில் இரண்டு பக்கமும் நடுவிலேயே எடுப்பான புடைப்பு இருந்தது. அச்சு வெட்டுபவர் பார்த்துவிட்டு இது வராது என்றார். அடிக்கும்போது உலோகம் இரண்டு பக்கத்துப் பள்ளத்தையும் ஒரே நேரத்தில் நிரப்ப வேண்டும், ஒரு பக்கத்துப் புடைப்புக்கு நேர் பின்னால் இன்னொரு புடைப்பு இருந்தால் இரண்டுக்கும் உலோகம் போதாது, மூக்கும் கன்னமும் மழுங்கித்தான் விழும். காய்ச்சி ஆறவைத்துத் திரும்பத் திரும்ப அடித்தால் ஓரளவு வரும், ஒவ்வொன்றுக்கும் அத்தனை அடி அடிக்க முடியாது. வார்த்துவிடலாம் என்று ஒரு கட்சி, அடித்துத்தான் செய்ய வேண்டும் என்று ஒரு கட்சி. கடைசியில் அடிப்பது என்று முடிவாகி, பின்பக்கத்து உருவத்தை ஓரத்துக்கு நகர்த்தி, நடுவில் எழுத்து மட்டும் வைத்தோம். தரம் பார்க்கும் மாலைகளில் எத்தனையோ முறை 'அச்சு சரியாக விழவில்லை' என்று எழுதியிருப்போம், அது எப்படி நேர்கிறது என்பதைச் சோதனை அடிப்பில் கண்ணால் பார்த்தோம். விளிம்பில் வரிசை எண் பொறிப்பதா, பெயரே பொறிப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் பெயர் கட்சி.

அடுத்த மாதக் கூட்டம் முழுக்க விளிம்புக்குத்தான். வெள்ளிக்காசின் ஓரத்தைச் சுரண்டி எடுக்கிற திருட்டைத் தடுக்க எப்படி விளிம்பில் வரியும் எழுத்தும் வந்தன, 1662-இல் இங்கிலாந்து கிரவுன் காசின் ஓரத்தில் எழுத்து ஓடவிட்டது ஏன், எழுத்தை அழுத்த எந்த மாதிரி இயந்திரம் வேண்டும், இதையெல்லாம் பேசப் போகிறோம். வருகிறவர்கள் விளிம்பில் ஏதாவது இருக்கிற எந்தக் காசையும் பதக்கத்தையும் கொண்டுவரலாம், அரிதாக இருக்க வேண்டியதில்லை. லூப் இல்லாவிட்டால் சங்கத்தில் இருக்கிறது. கை மட்டும் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள்.